பசியாறாமல் பாடம் ஏறுமா?



தோட்டத்தில் காலை வேளையில் ஒருவரையொருவர் சந்தித்தால் நாம் முதலில் கேட்கும் கேள்வி என்ன? "பசியாறியாச்சா?" என்பதுதான். காலை உணவு, காலைச் சிற்றுண்டி என்றெல்லாம் ஏடுகளில் எழுதுகிறோம். ஆனால் இந்த நாட்டுத் தமிழர் வாயில் புழங்கும் சொல் பசியாறுதல் என்பதே. பசி ஆற வேண்டும், தணிய வேண்டும் என்பது அதன் பொருள். பெரியவர்களைப் பார்த்துத் தவறாமல் கேட்கும் இந்தக் கேள்வியை, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடக்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்கிறோமா? அவன் "ஆச்சு" என்று சொன்னாலும், உள்ளபடியே அவன் பசி ஆறியிருக்கிறதா? இன்றைய பேச்சில் இதைப் பற்றித்தான் சிந்திக்கவிருக்கிறோம்.

முதலில் நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் பொறுப்பாசிரியராக இருந்தோம். கணிதம் முதல் பாடவேளையில் இருந்தது. அந்த வகுப்பில் ஒரு பையன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கேள்வி கேட்டால் விழிப்பான். ஒன்பதும் ஆறும் எத்தனை என்று கேட்டால் விரலை எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிடுவான். சில நாள் மேசையிலேயே தலை சாய்ந்துவிடும். அவனை எழுப்பி நிற்க வைத்தோம். "கவனக்குறைவு, சோம்பல்" என்று அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் எழுதினோம். மனத்துக்குள் "இவனுக்குக் கணக்கு வராது" என்று முடிவும் கட்டிவிட்டோம்.

பிறகு ஒரு பருவத்தில் கால அட்டவணை மாறியது. கணிதம் ஓய்வு நேரத்துக்குப் பிந்திய பாடமாக வந்தது. இரண்டு வாரம் கழிந்திருக்கும். அதே பையன் கை தூக்கினான். சரியான விடையைச் சொன்னான். மறுநாளும் சொன்னான். நமக்கு வியப்பாக இருந்தது. ஓய்வு நேரத்தில் அவனை அருகே அழைத்து, "காலையில் என்னடா சாப்பிட்டாய்?" என்று கேட்டோம்.

"அக்கா கோப்பி கலக்கிக் கொடுத்துச்சு சார். ரெண்டு பிஸ்கட்டு."

அக்காளுக்கு வயது பத்து. அவள் நாலாம் ஆண்டு மாணவி. தாயும் தந்தையும் இருட்டிலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள். தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பால் கலக்காத கோப்பி ஒரு குவளை கொடுத்து அழைத்து வருவது அந்தச் சிறுமிதான். முதல் நாள் இரவு ஏழு மணிக்குச் சோறு உண்ட பிள்ளை, மறுநாள் காலை பத்து மணி ஓய்வு நேரம் வரையில், அதாவது பதினைந்து மணி நேரம், இரண்டு பிஸ்கட்டில் காலம் தள்ளியிருக்கிறான். அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் எழுதியது பிழை. அவனுக்கு வந்திருந்தது பசி. அதை நாம் சோம்பல் என்று படித்துவிட்டோம்.

ஒரு பிள்ளையின் கதையை வைத்துப் பொதுவான முடிவுக்கு வரலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே, உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும், ஆராய்ச்சியாளர்கள் என்ன கண்டிருக்கிறார்கள் என்பதையும் பார்ப்போம்.

நாம் உறங்கும்போது கை கால்கள் ஓய்கின்றன. ஆனால் இதயம் ஓய்வதில்லை, மூளையும் ஓய்வதில்லை. மூளைக்கு வேண்டிய எரிபொருள் இரத்தத்தில் கலந்து வரும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. இரவில் நாம் உணவு உண்ணாததால், கல்லீரல் தன்னிடம் சேமித்து வைத்திருப்பதைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கல்லீரலை ஒரு சிறிய அரிசிப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் பானை பெரிது. பிள்ளையின் பானையோ சிறிது. அதே வேளையில் பிள்ளையின் மூளை, உடல் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரிது. வளர்ந்த மனிதர் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கோ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மூளைக்கே போகிறது என்று 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பானை சிறிது, அதிலிருந்து உண்ணும் வாய் பெரிது. ஆகவே பெரியவர்கள் "நான் பத்து மணி வரைக்கும் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறேனே, எனக்கு என்ன ஆயிற்று?" என்று தம்மைப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது.

பானை வற்றினால் பிள்ளை மயங்கி விழுந்துவிடுவான் என்று பொருளல்ல. உடல் வேறு வழிகளில் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சமாளிப்பில் முதலில் குறைவது கவனம். சொன்னதை மனத்தில் நிறுத்துவது, ஒரு வேலையில் ஊன்றி நிற்பது, எரிச்சல்படாமல் இருப்பது ஆகியவை தளர்கின்றன. ஒன்பதோடு ஆறைக் கூட்டும்போது ஒன்பதை மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா? அந்தப் பிடிதான் நழுவுகிறது.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். இதற்காக நாம் ஜமைக்கா என்னும் தீவுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. கரிபியக் கடலில் உள்ள அந்த நாடும் தோட்டங்களால் உருவான நாடுதான். அங்கே கரும்பு, இங்கே ரப்பர். 1845-ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அங்கும் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளின் காலை உணவைப் பற்றி அங்குள்ள ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 90 பேர் பங்கு கொண்டனர். சிலர் நல்ல வளர்ச்சியுள்ளவர்கள். சிலர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். சிலர் சிறு வயதில் கடுமையான ஊட்டக்குறைவால் அவதிப்பட்டவர்கள். ஒரு நாள் அவர்களுக்குக் காலை உணவு கொடுத்துச் சோதித்தார்கள். வேறொரு நாள் கொடுக்காமல் சோதித்தார்கள். நல்ல வளர்ச்சியுள்ள பிள்ளைகளை ஒரு நாள் பட்டினி பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆனால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் முன்பு ஊட்டக்குறைவுக்கு ஆளான பிள்ளைகளும், விரைந்து சிந்தித்துச் செய்ய வேண்டிய சில சோதனைகளில் பின்தங்கினார்கள்.

தாய்மார்களே, இதிலுள்ள உண்மையைச் சற்று உற்று நோக்குங்கள். ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள் பசியாறாமல் வந்து உட்கார்ந்தாலும், இருவருக்கும் இழப்பு ஒன்றல்ல. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை தாங்கிக்கொள்கிறான். மெலிந்த பிள்ளை தாங்குவதில்லை. எந்த வீட்டில் காலை உணவு தவறுவதற்கு வாய்ப்பு அதிகமோ, அந்த வீட்டுப் பிள்ளையைத்தான் அந்தத் தவறு அதிகமாகத் தாக்குகிறது.

அதே நாட்டில் 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு பெரியது. 16 பள்ளிகளைச் சேர்ந்த 814 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒரு பள்ளியாண்டு முழுவதும் தினமும் காலை உணவு கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேருக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தில் கால் பங்கு மட்டும் கொடுத்தார்கள். ஆண்டின் இறுதியில் பார்த்தபோது, உணவு பெற்ற பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் சிறிது கூடியிருந்தார்கள். பள்ளிக்கு வரும் நாள்களும் கூடியிருந்தன. இளைய வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தார்கள். கூடியது கொஞ்சம்தான். காலை உணவு எந்தப் பிள்ளையையும் ஓராண்டில் மேதையாக்கிவிடுவதில்லை. ஆனால் பள்ளிக்குத் தவறாமல் வருகிற, வந்து விழிப்போடு உட்கார்கிற பிள்ளையாக ஆக்குகிறது. அடித்தளம் என்பது அதுதானே? சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் அங்கிருந்து ஒரு பாடம் உண்டு. 1996-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஒழுங்கான வகுப்பறை வசதியுள்ள பள்ளியில் பசியாறிய பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாக ஈடுபட்டார்கள். வசதி குறைந்த, நெரிசலான பள்ளிகளிலோ பசியாறிய பிள்ளைகள் கூடுதலாகப் பேசினார்கள், அமளி செய்தார்கள். உணவு கொடுத்த தெம்பைப் பாடத்தின் பக்கம் திருப்புவது பள்ளியின் பொறுப்பு. வயிற்றை நிரப்பி அனுப்புவது வீட்டின் வேலை என்றால், நிறைந்த வயிற்றோடு வந்தவனுக்குக் கற்பிப்பது நம்முடைய வேலை. எல்லாக் குற்றத்தையும் அடுப்படியில் போய்ச் சுமத்துவது முறையாகாது.

அடுப்படி என்றதும் தோட்டத்து நிலைமையைப் பேசத்தான் வேண்டும். ரப்பர் மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்டுகிறோம் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன், மரத்தில் நீர் நிறைந்திருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். அதற்காகவே பெரட்டு விடியுமுன் வந்தது. இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுகிறவர்களும், உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர்களும் வெயிலுக்கு அஞ்சி விடியலிலேயே புறப்பட வேண்டியிருக்கிறது. மரம் மாறினாலும் நேரம் மாறவில்லை. ஆக, பிள்ளை கண் விழிக்கும் நேரத்தில் அம்மா வீட்டில் இருப்பதில்லை. முன்னாளில் கைக்குழந்தைகளையாவது ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். பள்ளிக்குப் போகும் வயது வந்த பிள்ளைக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால் இங்கே கதிரவன் எழுவதே ஏழு மணியையொட்டித்தான். ஏழரை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை இருட்டில் எழுந்து இருட்டிலேயே உடுத்துகிறான். உடலோ இன்னும் இரவு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் தட்டை நீட்டினால் "வேணாம்மா" என்றுதான் சொல்வான். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிட வேண்டாம்.

நாம் முன்பு சொன்ன பையனின் தாயாரைப் பள்ளியில் சந்தித்தோம். "நாலரைக்கே எந்திரிக்கிறோம் சார். நான் போற நேரத்துக்கு அது தூங்குது. எழுப்பி ஊட்டவா முடியும்?" என்று அவர் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. அதன் பிறகு பல குடும்பங்களோடு பேசி, அவர்கள் செய்து பார்த்தவற்றைக் கேட்டறிந்தோம். அதிலிருந்து கிடைத்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலில், எதைப் பசியாறல் என்று எண்ணி ஏமாறுகிறோம் என்பதைப் பார்ப்போம். கோப்பியும் பிஸ்கட்டும் பசியை மறைக்கும், ஆற்றாது. அதிலுள்ள சீனி விரைவாக இரத்தத்தில் கலந்து விரைவாகத் தீர்ந்துவிடும். பிஸ்கட்டில் மாவும் சீனியும் கொழுப்புமே மிகுதி. கோப்பியும் தேநீரும் இன்னொரு கெடுதலும் செய்கின்றன. உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள விடாமல் அவை தடுக்கின்றன. இரும்புச் சத்துக் குறைந்தால் இரத்தசோகை வரும். சோகை பிடித்த பிள்ளை சோர்ந்திருப்பான், பாடத்தில் மனம் ஊன்றாது. ஆகவே சிறு பிள்ளைகளுக்குக் கோப்பி வேண்டாம். தேநீர் கொடுத்தே ஆக வேண்டுமானால் உணவோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

டின் பால் கலந்து கொடுக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். இனிப்பூட்டிய டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். இப்போது கடைகளில் கிடைக்கும் பல டின்களின் மேல் "கிரீமர்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் சேர்ந்திருக்கும். அது கோப்பிக்கு நிறம் கொடுக்கும், குழந்தைக்குப் பாலாகாது. மால்ட் பானங்களும் அப்படியே. வெந்நீரில் கலக்கி டின் பால் ஊற்றினால் இனிப்புத் தண்ணீர்தான். உண்மையான பாலிலோ, சீனி சேர்க்காத பால் மாவிலோ கலந்தால்தான் பயனுண்டு.

"காசு கொடுத்து அனுப்பிவிடுகிறோம், அவனே வாங்கிச் சாப்பிடட்டும்" என்பது இன்னொரு வழக்கம். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் ஒரு வெள்ளி இருந்தால் அவன் முட்டை வாங்குவானா, வண்ணத் தண்ணீரும் நொறுக்குத் தீனியும் வாங்குவானா? விடை உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் எது நல்ல பசியாறல்? மூன்று பொருள் சேர்ந்தால் போதும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சக்தி தருவது: சோறு, இட்லி, தோசை, ரொட்டி, கிழங்கு. இரண்டு, உடல் வளர்ப்பது: முட்டை, நெத்திலி, பருப்பு, பயறு, பால், சோயாவில் செய்த தௌபூ, தெம்பே. மூன்று, காப்பது: ஒரு பிடி கீரை அல்லது ஒரு துண்டு பழம். நம் வீடுகளில் முதலாவது எப்போதும் இருக்கிறது. விட்டுப்போவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தேங்காயும் சீனியும் தொட்டுக் கொடுத்தால் வயிறு நிரம்பும். ஆனால் கிழங்கில் உடல் வளர்க்கும் புரதம் மிகக் குறைவு. அதே கிழங்கோடு அவித்த முட்டை ஒன்றைச் சேர்த்தால் ஆறு கிராம் அளவு புரதம் கூடிவிடுகிறது. கடையில் வாங்கும் நாசி லெமாக் பொட்டலத்தையும் திறந்து பாருங்கள். சோறு நிறைய இருக்கும். முட்டையும் நெத்திலியும் பெயருக்குத்தான் இருக்கும். அதை வீட்டில் கட்டினால் அளவை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து முக்கியமான செய்தி. தோட்டத்துப் பிள்ளையின் காலை உணவு காலையில் தயாராவதில்லை. முதல் நாள் மாலையிலேயே தயாராக வேண்டும். வேலை முடிந்து வந்ததும் ஒரு குவளைப் பச்சைப் பயற்றை ஊற வையுங்கள். இரவுச் சமையல் அடுப்பிலேயே அதை வேக வைத்துக் கஞ்சியாக்கி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், காலையில் சூடாக்கிக் கொடுத்தால் போதும். உலர்ந்த பச்சைப் பயறு நூறு கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. இரவுச் சோற்றுக்கு அடுப்பு எரியும்போதே முட்டைகளையும் அவித்து வைத்துவிடலாம். சனி, ஞாயிற்றில் இட்லி மாவு ஆட்டி வைத்தால் வாரத்தில் மூன்று நாளைக்கு வரும். தோசையோடு சீனியைக் கொடுப்பதை விட்டு, இரவு வைத்த பருப்புக் குழம்பைக் கொடுங்கள். வீட்டின் பின்புறம் முருங்கை நின்றால், ஒரு கைப்பிடி கீரையை மாவிலோ முட்டையிலோ கலந்து சுட்டுவிடலாம். கூடவே ஒரு துண்டு கொய்யாவோ பப்பாளியோ தந்தால், அதிலுள்ள வைட்டமின் சி சத்து, கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க உதவும்.

பழைய சோற்றை நாம் இழிவாக எண்ண வேண்டியதில்லை. அதற்குத் துணையாக வறுத்த நெத்திலியும் சிறிது தயிரும் சேர்ந்தால் நல்ல உணவுதான். ஆனால் இந்த நாட்டு வெப்பத்தில் சோறு விரைவில் கெட்டுவிடும். உண்டு மிஞ்சியதைச் சட்டியிலேயே திறந்து போடாமல், சுத்தமான கலத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நாற்றமோ பிசுபிசுப்போ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. வேர்க்கடலை நல்ல உணவு. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கிவிடும். இடித்துப் பொடியாக்கிக் கொடுங்கள்.

சரி, உணவு தயார். உண்ண வைப்பது யார்? இதுதான் பல வீடுகளில் விடையில்லாத கேள்வி. பத்து வயது அக்காளின் தலையில் முழுப் பொறுப்பையும் கட்டுவது நியாயமாகாது. அவளும் பசியோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைதான். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களிடம் தெளிவாகச் சொல்லி ஒப்படையுங்கள். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, வேலைக்குப் போகாத ஒருவரிடம் பிள்ளைகளைக் கூட்டி உண்ண வைக்கலாம். உணவு அவரவர் வீட்டிலிருந்து போகட்டும். பார்த்துக்கொள்ளும் கண் ஒன்று போதும். தந்தைமார்களுக்கும் ஒரு சொல். பிள்ளையின் சோறு தாயின் வேலை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். இரவில் முட்டை அவிப்பதற்கும் டப்பாவில் எடுத்து வைப்பதற்கும் ஆண் கை பொருந்தாது என்று எந்த நூலிலும் எழுதவில்லை.

பிள்ளை காலையில் உண்ண மறுத்தால் என்ன செய்வது? அடிக்காதீர்கள், பயமுறுத்தாதீர்கள். முதல் நாள் இரவைக் கவனியுங்கள். ஒன்பது மணிக்குச் சோறு தின்று, பதினோரு மணி வரையில் தொலைக்காட்சியோ கைத்தொலைபேசியோ பார்த்த பிள்ளைக்கு விடியலில் பசி எடுக்காது. இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்து, ஒன்பது மணிக்குள் படுக்க வைத்தால், சில வாரங்களில் காலைப் பசி தானே திரும்பும். அதுவரையில் வற்புறுத்தாமல், எழுந்ததும் பாதி வாழைப்பழமும் சிறிது பாலும் கொடுங்கள். மீதியை டப்பாவில் கட்டி அனுப்புங்கள். பள்ளி மணி அடிக்குமுன் நண்பர்களோடு உட்கார்ந்து அவன் உண்டுவிடுவான். வீட்டில் உண்ணாத பிள்ளை கூட்டத்தில் உண்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

பள்ளியில் கிடைக்கும் உதவியையும் சொல்லியாக வேண்டும். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவச உணவு வழங்கும் துணை உணவுத் திட்டம் இந்த நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 1979-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. தமிழ்ப்பள்ளிகளுக்கும் அது உண்டு. ஆனால் சில பெற்றோர் பாரத்தை நிரப்பிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். "ஏழை என்று பெயர் வந்துவிடுமே" என்று கூசுகிறார்கள். நேயர்களே, அது பிச்சையல்ல. நாம் கொடுக்கும் வரியிலும், நம் பாட்டன் பூட்டன் காடு வெட்டி மரம் நட்ட உழைப்பிலும் நமக்கு வந்து சேரும் பங்கு. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர ஆசிரியர்கள் இருக்கிறோம். ஒன்று மட்டும் கவனியுங்கள். சில பள்ளிகளில் அந்த உணவை ஓய்வு நேரத்தில்தான் கொடுக்கிறார்கள். அப்படியானால் அதுவரையில் தாங்குவதற்கு வீட்டிலிருந்து ஏதாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

நன்றாகப் பசியாறியும் பிள்ளை எப்போதும் சோர்ந்து வெளுத்திருந்தால், அதைக் காலை உணவோடு முடிச்சுப் போட்டு நின்றுவிடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். வயிற்றில் பூச்சி இருக்கலாம். கொக்கிப்புழு குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சக் கூடியது. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் பிள்ளைக்கு அது எளிதில் தொற்றும். கண் பார்வையோ காது கேட்பதோ குறைந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வழியும் உண்டு.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அவன் தாயார் இரவில் பயற்றங்கஞ்சி வைக்கத் தொடங்கினார். இரண்டு வீடு தள்ளியிருந்த பாட்டி ஒருவர், இரு பிள்ளைகளையும் தம் வாசலில் உட்கார வைத்து அதைக் குடிக்க வைத்து அனுப்பினார். அவன் வகுப்பில் முதல் மாணவனாகிவிட்டான் என்று நாம் கதை கட்டப் போவதில்லை. ஆண்டிறுதியில் இருபத்தெட்டுப் பேரில் பதினோராவதாக வந்தான். மேசையில் தலை சாய்வது நின்றது. அவனுடைய அறிக்கையில் நாம் முன்பு எழுதிய சொற்களை நம்மால் அழிக்க முடியவில்லை. அடுத்த பருவத்தின் கட்டத்தில் வேறு சொற்களை எழுதினோம்.

ஆனால் அப்படி எழுதப்பட்டு, திருத்தப்படாமலே போன அறிக்கைகள் எத்தனை? "இவனுக்குப் படிப்பு வராது" என்று நாம் சொல்ல, பெற்றோரும் நம்ப, முடிவில் அந்தப் பிள்ளையும் நம்பி, தந்தையின் பின்னால் காட்டுக்கே போய்ச் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு வராமல் போனது படிப்பு, எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போனது ஒரு கிண்ணம் கஞ்சி? அதை இனி யாரும் கணக்கெடுக்க முடியாது. இனி வரும் பிள்ளைகளை மட்டும்தான் நாம் காப்பாற்ற முடியும்.

ஆகவே, பெற்றோர்களே, இன்றிரவு சோறு வடிக்கும்போது நாளைக் காலையை ஒரு நிமிடம் நினையுங்கள். ஒரு முட்டையையோ ஒரு பிடி பயற்றையோ கூடப் போடுங்கள். ஆசிரிய நண்பர்களே, நாளைக் காலை வருகைப் பதிவேட்டை விரிக்கும்போது, "வந்திருக்கிறாயா?" என்று கேட்பதோடு "பசியாறினாயா?" என்றும் கேளுங்கள். என்ன சாப்பிட்டான் என்பதையும் கேளுங்கள். அந்த விடையைக் கேட்ட பிறகு கணக்கைத் தொடங்குவோம்.